முதல் விளக்கு ஏற்றியவர்: ரெஜினா குஹா அம்மையார்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

உலகில் பிறந்தோர் பலர். ஊரறிய வாழ்ந்தோர் சிலர். தாம் காணப் போகாத வெளிச்சத்திற்காகத் தம் வாழ்வையே திரியாக்கியவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ரெஜினா குஹா அம்மையார். சட்டம் பயின்றோர் நன்கறிந்த பெயர் இது. நமக்கோ புதிது. யார் இவர், நம் திசையன்விளைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம்.

ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை வாசித்துக் கொண்டிருந்தோம். குளிர்காலம், எருசலேமில் கோவில் அர்ப்பண விழா, ஆண்டவர் இயேசு சாலமோன் மண்டபத்தில் நடந்து கொண்டிருக்கிறார். இது என்ன விழா என்று கேட்டோம். மக்கபேயர் நூலைத் திறந்து பாருங்கள் என்றார்கள் சிஸ்டர். எங்களோடு படிக்கும் சி.எஸ்.ஐ. சபைத் தோழியர் தங்கள் வேதாகமத்தைப் புரட்டிவிட்டு, அந்த நூல் தங்களிடம் இல்லையே என்று வியந்தனர். பிறகு எல்லாரும் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, வக்கீலுக்குப் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஆச்சி, குடும்பத்துப் பெண்பிள்ளை கோர்ட்டு வாசலை மிதிக்கலாமா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே அழுது கொண்டிருந்தாள். அதைக் கண்ட சிஸ்டர் அவளைத் தேற்றவும் இல்லை, ஆச்சியைக் குறை கூறவும் இல்லை. கல்கத்தாவில் யூதப் பெண்பள்ளி ஒன்று உண்டு, அதன் தலைமையாசிரியையாக இருந்த ஓர் அம்மையாரின் கதையைத் தேடிப் படியுங்கள், நீங்கள் கேட்ட விழாவும் அதில் வரும், இவள் அழுகைக்கும் அதில் பதில் இருக்கும் என்றார்கள். அவ்வாறு தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஒளியின் விழா

முதலில் அந்த விழாவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இல்லாவிடில் அம்மையாரின் வாழ்க்கை முழுதும் விளங்காது.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 167 ஆண்டுகளுக்கு முன் சிரியாவை ஆண்ட அந்தியோக்கு என்னும் மன்னன் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். யூதர்கள் தங்கள் மறையைக் கைவிட வேண்டும் எனக் கட்டளையிட்டான். மோதயின் என்ற சிற்றூரின் குருவாகிய மத்தத்தியாவும் அவர் புதல்வர்களும் அதற்கு இணங்க மறுத்தனர். புதல்வருள் ஒருவரான யூதா மக்கபே சிறு படையோடு பெரும்படையை வென்று, கி.மு. 164-இல் கோவிலைத் தூய்மை செய்து, மீண்டும் கடவுளுக்கு அர்ப்பணித்தார். எட்டு நாள் விழா எடுக்கப்பட்டது. அர்ப்பணம் என்ற பொருள் கொண்ட ஹனுக்கா என்னும் எபிரேயச் சொல்லே விழாவின் பெயராயிற்று.

கோவில் விளக்கை ஏற்றத் தூய எண்ணெய் ஒருநாளுக்கு மட்டுமே இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்ததாம். இச்செய்தி மக்கபேயர் நூலில் இல்லை. பின்னர் எழுந்த யூத மறைநூலாகிய தால்முதில் உள்ளது. அதன் நினைவாகவே யூதர் இல்லங்களில் எட்டு இரவுகள் விளக்கேற்றுகிறார்கள். முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு, எட்டாம் இரவு எட்டு. இவற்றை ஏற்றுவதற்கென்றே ஒன்பதாவதாக ஒரு விளக்கு உண்டு. அதற்குப் பணியாள் விளக்கு என்று பெயர். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டு இரவுக்கும் சேர்த்து 44 சுடர்கள் வருகின்றன. எண்ணெயின் அற்புதத்தை நினைத்து, எண்ணெயில் பொரித்த பலகாரங்களும் செய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு நம் வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் மணப்பதைப் போல அந்நாட்களில் அவர்கள் வீடுகள் மணக்கும்.

இரண்டு செய்திகள் எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தன. எட்டு விளக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்று பண்டைய யூத அறிஞரில் ஒரு சாரார் கூறினர். ஹில்லேல் என்பாரின் வழியினரோ, புனிதமானவற்றில் ஏறித்தான் போக வேண்டும், இறங்கக் கூடாது, ஆகையால் ஒன்றில் தொடங்கி எட்டுக்குப் போக வேண்டும் என்றனர். அவர்கள் சொன்னதே வழக்கமாயிற்று. மற்றொன்று, இவ்விளக்கை ஏற்றப் பெண்களும் கடமைப்பட்டவர்கள் என்பது. அந்த அற்புதத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதே தால்முது கூறும் காரணம்.

இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஓராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட மறைநூல், பெண்ணுக்கும் பங்கு உண்டு என்றது. நம் அம்மையார் வாழ்ந்த இருபதாம் நூற்றாண்டின் சட்டம் என்ன சொல்லிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்கத்தாவும் யூதப் பெண்பள்ளியும்

இந்தியாவில் யூதர்களா என்று சிலர் வியக்கலாம். நமக்கு அண்மையிலுள்ள கொச்சியிலேயே பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தனர். அங்குள்ள பரதேசி யூதக் கோவில் 1568-இல் எழுப்பப்பட்டது. பம்பாய்ப் பக்கம் பெனே இஸ்ரவேலர் என்போர் உண்டு. கல்கத்தாவிற்கோ, சிரியாவின் அலெப்போ நகரத்து வணிகர் ஷாலோம் கோஹன் என்பவர் 1798-இல் முதலில் வந்து குடியேறினார். அவரைத் தொடர்ந்து பாக்தாது முதலிய நகரங்களிலிருந்து பலர் வந்தனர். பெத் எல் கோவிலை 1856-இலும், மாகேன் டேவிட் கோவிலை 1884-இலும் எழுப்பினர். 1902-இல் தொடங்கிய நஹூம் என்னும் யூதர் ரொட்டிக்கடையின் முந்திரிப்பழக் கேக்கை வாங்கக் கிறிஸ்துமஸ் காலத்தில் கிறிஸ்தவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

யூதப் பிள்ளைகள் அங்கே கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளில் படித்தனர். தங்கள் பிள்ளைகள் தங்கள் மறையை மறந்துவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சினர். ஆகவே 1881-இல் தங்களுக்கென்று ஒரு பள்ளியை நிறுவினர். அதுவே யூதப் பெண்பள்ளி. ஆங்கிலக் கல்வியும் கிடைக்க வேண்டும், எபிரேய மொழியும் முன்னோர் வழிபாடும் மறையக் கூடாது என்பதே நோக்கம். ஹனுக்கா விளக்கின் பொருளை அறிந்து ஏற்றும் பெண்கள் உருவாக வேண்டும் என்ற ஆசையும் இதனுள் அடங்கியதே.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கும் நாம் இதைக் கேட்டு மனம் வருந்த வேண்டியதில்லை. பிள்ளை படிக்கவும் வேண்டும், தன் வேரை மறக்கவும் கூடாது என்று நினைப்பது எல்லாப் பெற்றோர்க்கும் இயல்பு. நம் வகுப்பில் படிக்கும் இந்து, முஸ்லிம் தோழியரின் பெற்றோரும் அவ்வாறே நினைத்திருப்பார்கள் அல்லவா?

பிறப்பும் கல்வியும்

ரெஜினா அம்மையாரின் தந்தையார் பியாரி மோகன் குஹா என்னும் வங்காளி. வழக்கறிஞர். இவர் யூத மறையைத் தழுவியவர். தாயார் சிம்ஹா கப்பே, பாக்தாது வழி வந்த யூதக் குடும்பத்துப் பெண்மணி. தந்தை வழியில் வங்கமும், தாய் வழியில் பாக்தாதும் கலந்த இல்லத்தில் பிள்ளைகள் யூத மறையில் வளர்க்கப்பட்டனர். ரெஜினாவின் உடன்பிறந்த ஹன்னாவும் பிற்காலத்தில் புகழ்பெற்றார். மக்கபேயர் இரண்டாம் நூலில், தன் ஏழு புதல்வரையும் மறைக்காக இழந்து, கடைசிவரை கலங்காமல் நின்ற ஒரு தாயின் வரலாறு உண்டு. நூலில் அத்தாய்க்குப் பெயர் இல்லை. யூத மரபு அவளை ஹன்னா என்றும் அழைக்கிறது.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முன்னரே கதவைத் திறந்திருந்தது. 1883-இல் காதம்பினி கங்குலியும் வங்கக் கிறிஸ்தவப் பெண்ணான சந்திரமுகி போஸும் அங்கே பட்டம் பெற்றனர். நம் மாவட்டத்திலும் பாளையங்கோட்டையில் 1895-இல் சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி தொடங்கப்பட்டது. பெண்கள் படிக்கலாம் என்று நாடு ஒருவாறு ஒப்புக்கொண்ட காலம் அது. படித்து என்ன செய்யலாம் என்பதற்கு மட்டும் விடை இல்லை. ஆசிரியையாகலாம், மருத்துவராகலாம், வழக்கறிஞராக மட்டும் முடியாது.

ரெஜினா 1913-இல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதுவே அக்காலப் பெண்ணுக்குப் பெரும் பேறு. அதனோடு நிறைவடைந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தந்தையின் தொழிலை நாடினார். சட்டம் படித்து 1915-இல் பி.எல். பட்டமும் பெற்றார். பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக் கொண்டது, பாடம் நடத்தியது, தேர்வு வைத்தது, தேறினார் என்று சான்றும் கொடுத்தது. சட்டக் கல்வியில் ஆண்களோடு அவருக்கு யாதொரு வேறுபாடும் காட்டப்படவில்லை. வேறுபாடு அதற்குப் பிறகுதான் வந்தது.

நபர் என்றால் யார்?

1916-இல் ரெஜினா அம்மையார், அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகத் தம்மைப் பதிவு செய்யுமாறு விண்ணப்பித்தார். நம் பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்றம் இருப்பது போலக் கல்கத்தாவை அடுத்த 24 பர்கானா மாவட்டத்தின் நீதிமன்றம் அலிப்பூரில் இருந்தது. அதுவரை எந்தப் பெண்ணும் அங்கே அவ்வாறு விண்ணப்பித்ததில்லை. விண்ணப்பம் கல்கத்தா உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது.

உயர்நீதிமன்றம் இதைச் சிறு செய்தியாக எண்ணவில்லை. தலைமை நீதிபதி லான்ஸ்லாட் சாண்டர்சன் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கூடிக் கேட்டனர். அம்மையாருக்காக வாதாடியவர் எர்ட்லி நார்ட்டன். இவர் நம் சென்னையில் நெடுங்காலம் பெயர் பெற்று விளங்கிய பாரிஸ்டர். காங்கிரஸ் மகாசபையின் தொடக்க காலத்தில் அதற்குத் துணை நின்ற ஆங்கிலேயர். பின்னர்க் கல்கத்தா சென்று அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடியவரும் இவரே.

வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. 1879-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், தகுதி பெற்ற எந்த நபரும் பிளீடராகலாம் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. பெண் நபர் அல்லவா? மேலும், சட்டத்தில் ஆண்பாலாக எழுதிய சொல் பெண்ணையும் குறிக்கும் என்று இன்னொரு பொதுச் சட்டம் கூறிற்று. ஆகவே பெண்ணுக்குத் தடை இல்லை என்பது அம்மையாரின் பக்கத்து வாதம். வகுப்பில் இலக்கணம் படிக்கும் நமக்கே இது எளிதாக விளங்குகிறது.

நீதிபதிகளுக்கு அது ஏற்புடையதாக இல்லை. சட்டம் இயற்றியோர் ஆண்களை மட்டுமே மனத்தில் கொண்டு இயற்றினர். நாட்டில் பெண் வக்கீல் என்ற வழக்கம் என்றுமே இருந்ததில்லை. இங்கிலாந்திலும் 1913-இல் பெப் என்னும் பெண்மணி இவ்வாறே கேட்டு மறுக்கப்பட்டார். மாற்றம் வேண்டுமானால் சட்டசபை செய்யட்டும், நீதிமன்றம் செய்ய இயலாது என்று கருதி, 1916 ஆகஸ்டு 29-ஆம் நாள் விண்ணப்பத்தைத் தள்ளினர். அந்த ஐவருள் ஒருவர் அசுதோஷ் முகர்ஜி. வங்கக் கல்விக்குப் பெருந்தொண்டு செய்தவர். ரெஜினா எம்.ஏ. பட்டம் பெற்ற காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். பட்டம் கொடுக்கத் துணிந்த கை, பதிவு கொடுக்கத் துணியவில்லை.

நீதிபதிகள் கெட்டவர்கள் என்று எழுத நாங்கள் விரும்பவில்லை. அவர்கள் கற்றறிந்தவர்கள், தங்கள் கடமை இதுவே என நம்பியவர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நபர் என்ற சொல்லில் நீ அடங்கமாட்டாய் என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்களுள் ஒன்று கூறிவிட்டது. எங்கள் தோழியின் ஆச்சி ஒரு வார்த்தையில் சொன்னதை, நீதிமன்றம் பல பக்கங்களில் சொல்லிற்று. அவ்வளவுதான் வேறுபாடு.

பணியாள் விளக்கு

அம்மையார் என்ன செய்தார்? கோபத்தில் புத்தகங்களைத் தூக்கி எறியவில்லை. வீட்டில் முடங்கிக் கிடக்கவும் இல்லை. வழக்காடும் உரிமை மறுக்கப்பட்ட அவர், கற்பிக்கும் பணியில் விளங்கினார். தம் தாயார் பிறந்த சமூகம் எழுப்பிய யூதப் பெண்பள்ளியின் தலைமையாசிரியைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் யூதப் பெண் அவரே என்பர். யூதப் பிள்ளைகளுக்கென்று யூதர்கள் நிறுவிய பள்ளிக்கே அதுவரை தலைமை தாங்க யூதப் பெண் அமையவில்லை. உயர்கல்வி கற்ற பெண்கள் அச்சமூகத்தில் அக்காலம் அத்துணை அரிதாயிருந்தனர்.

அப்பள்ளியின் பழைய கட்டிடம் பெத் எல் கோவிலை அடுத்த போலக் தெருவில் நின்றது. சிறுமியர் அங்கே கூடிப் படிக்கும் காட்சியை எங்களால் கற்பனை செய்ய முடிகிறது. எம்.ஏ.யும் பி.எல்.லும் படித்த ஓர் அம்மையார் தங்கள் முன் வந்து நிற்பதைக் காண்பதே அவர்களுக்குப் பெரிய பாடமாக இருந்திருக்கும். பாட்டிமார் எழுத்தறியாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பெண்ணின் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நேர்ச்சான்று அது. நாங்களும் எங்கள் சிஸ்டர்களையும் டீச்சர்களையும் பார்த்தல்லவா இவ்வளவு தூரம் ஆசைப்படக் கற்றுக் கொண்டோம்?

ஹனுக்கா விளக்குத் தண்டில் பணியாள் விளக்கு எட்டோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. அதன் வேலை மற்றவற்றை ஏற்றுவது. ஆயினும் அது இல்லாமல் ஒரு சுடரும் எரியாது. தலைமையாசிரியையாக ரெஜினா அம்மையார் ஆற்றிய தொண்டை நினைக்கும்போது எங்களுக்கு அந்த ஒன்பதாம் விளக்கே நினைவுக்கு வருகிறது.

அந்தோ! அந்த விளக்கு நெடுநாள் எரியவில்லை. 1919-இல் ரெஜினா அம்மையார் காலமானார். தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டுகள். கறுப்பு அங்கி அணிந்து ஒரு நாளேனும் நீதிமன்றத்தில் நிற்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் காணாத வெளிச்சம்

அவர் மறைந்த அதே 1919-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெண்களுக்கு வழக்கறிஞர் தொழிலைத் திறந்துவிடும் சட்டம் வந்தது. பெப் அம்மையாரை மறுத்த நாடே மனம் மாறிற்று.

இந்தியாவில் 1921-இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. நாசிக் நகரில் பிறந்து, ஆக்ஸ்போர்டு சென்று சட்டம் பயின்ற கிறிஸ்தவப் பெண்மணி கொர்னேலியா சோராப்ஜியை அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆகஸ்டு மாதம் பதிவு செய்து கொண்டது. நவம்பரில் சுதாங்சுபாலா ஹஸ்ரா என்பவர் பாட்னா உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். அவர் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதற்குக் காட்டிய முன்னுதாரணம் ரெஜினா குஹாவின் வழக்கே. தம் தோல்வி பிறருக்குத் தடைக்கல்லாவதைக் காண அம்மையார் உயிரோடில்லை. அது ஒருவகையில் நல்லதே என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். இல்லை, அவர் இருந்திருந்தால் ஹஸ்ராவுக்குத் துணையாகப் போய் நின்றிருப்பார் என்றாள் மற்றொருத்தி. இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள்.

ஒரே நாட்டில் ஒரு நீதிமன்றம் ஏற்பதும் மற்றொன்று தள்ளுவதும் முறையா என்ற கேள்வி எழுந்தது. ஹரிசிங் கவுர் முதலியோர் மத்திய சட்டசபையில் இதை வலியுறுத்தினர். 1923-இல் வழக்கறிஞர் (பெண்கள்) சட்டம் நிறைவேறிற்று. பெண் என்ற ஒரே காரணத்தால் எவரையும் வழக்கறிஞராகப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டசபை செய்யட்டும் என்று ஐந்து நீதிபதிகள் கூறிய வேலையைச் சட்டசபை செய்து முடித்தது. இடையில் சென்றவை ஏழு ஆண்டுகள்.

அதன் பின்னர் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. நமக்கு அண்டைப் பகுதியான திருவிதாங்கூரில் சட்டம் பயின்ற அன்னா சாண்டி அம்மையார் 1937-இல் முன்சீப் ஆனார். 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை 1986-இல் பொறுப்பேற்றார். பாத்திமா பீவி 1989-இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார். ஒரு யூதப் பெண் கேட்டு மறுக்கப்பட்ட இடத்திற்குக் கிறிஸ்தவப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் இந்துப் பெண்ணும் வந்து சேர்ந்தனர்.

உடன்பிறந்த ஹன்னாவும் சட்டப் பட்டம் பெற்றவரே. டாக்டர் சதீஷ் சந்திர சென் அவர்களை மணந்து ஹன்னா சென் ஆனார். 1932-இல் டில்லியில் பெண்களுக்கென லேடி இர்வின் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று வளர்த்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலோ, ஆங்கில எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெறுவோர்க்கு ரெஜினா குஹா பெயரில் பதக்கம் வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. பெற்றவர் வாழ்வு குறுகியது. பதக்கத்தின் வாழ்வு நீண்டது.

அப்பள்ளி என்னவாயிற்று? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் ஏறத்தாழ 5,000 யூதர்கள் இருந்தனர். பின்னர் அவர்கள் இஸ்ரவேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எனக் குடிபெயர்ந்தனர். இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே அங்குள்ளனர். பள்ளி மூடப்படவில்லை. பார்க் தெருவில் அதே பெயரோடு நடைபெறுகிறது. அங்கே இன்று படிப்போரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். தம் பிள்ளைகளுக்கென ஒரு சமூகம் ஏற்றிய விளக்கு, இன்று அயலார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒளி தருகிறது. ஹனுக்கா விளக்கைத் தெருவில் போவோரும் காணும்படி வாசலிலோ சன்னலிலோ வைக்க வேண்டும் என்பது யூதர் மரபு. அந்தப் பள்ளியும் அவ்வாறே வைக்கப்பட்ட விளக்காயிற்று.

முடிவுரை

அன்புள்ள பெற்றோரே, அருட்சகோதரிகளே, அன்புத் தோழியரே! வெற்றி பெற்றோர் வரலாற்றையே நாம் பெரிதும் படிக்கிறோம். ரெஜினா அம்மையார் தாம் கேட்டதைப் பெறாமலே மறைந்தவர். ஆனால் அவர் கேட்டிராவிட்டால், பெண் நபரா என்ற கேள்வியே அந்த நீதிமன்றத்தில் அன்று எழுந்திராது. கேள்வி எழாத இடத்தில் பதிலும் பிறவாது. எட்டு விளக்கும் எரியும் கடைசி இரவைக் காண யாருக்கும் ஆசை உண்டு. இருட்டில் தனியாக நின்று முதல் விளக்கை ஏற்றுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் எங்கள் தோழியின் வீட்டிற்குச் சென்று அவள் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினோம். ஆச்சி முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டே கேட்டார்கள். மக்கபேயர் தாயின் கதை வந்த இடத்தில் கை சற்று நின்றது. முடித்த பிறகு, அந்தப் பிள்ளை கடைசிவரை அந்தக் கறுப்பு அங்கியைப் போடவே இல்லையா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார்கள். இல்லை ஆச்சி என்றோம். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, முதலில் பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக் கொண்டு அடுக்களைக்குப் போனார்கள்.

சரி என்று ஆச்சி சொல்லவில்லை. கூடாது என்றும் இம்முறை சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் எங்கள் தோழி சிரித்துக் கொண்டே வந்தாள். ஒரு விளக்கு ஏறிவிட்டது. மீதி ஏழையும் அவளே ஏற்றிக் கொள்வாள்.

வாழ்க ரெஜினா குஹா அம்மையாரின் நினைவு! வளர்க பெண் கல்வி!